மாசமா இருக்கிற பொண்ணோட இதயத்துக்கு எதுக்கு ஸ்கேன்?

"குழந்தைக்கு ஸ்கேன் பாக்குறது தெரியும். இவ நெஞ்சுக்கு எதுக்கு டாக்டரம்மா?" போன வாரம் சிதம்பரம் பக்கத்துல இருந்து மருமகளோட வந்த ஒரு மாமியார் கேட்டாங்க. நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல நான் பண்ண தப்பு ஒண்ணு. எம்.பி.பி.எஸ். முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஏழு மாச கர்ப்பிணி ஒருத்தங்க எக்கோ ரிப்போர்ட்டோட வந்தாங்க. வால்வுல லேசான கசிவுன்னு அதுல ஒரு வரி. "வால்வு கொஞ்சம் லீக் ஆகுதும்மா, எதுக்கும் பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள அது "ஹார்ட்ல ஓட்டை" ஆயிடுச்சு. வியாதியை மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டீங்கன்னு பொண்ணோட அப்பாகிட்ட சண்டை. அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கவே இல்லையாம். கடைசியில பெரிய டாக்டர் பார்த்துட்டு, இதயத்துக்கு ஒண்ணுமே இல்லைன்னு அனுப்பினார்.

அப்போ அந்தக் கசிவு? சாதாரணமா நம்ம இதயம் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் பண்ணுது. கர்ப்பத்துல இது 30 முதல் 50 சதவீதம் வரைக்கும் கூடும். உடம்புல இருக்கிற ரத்தமே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகும். துடிப்பு நிமிஷத்துக்கு 10, 20 ஏறும். வீராணத்துல தண்ணி கூட திறந்தா வாய்க்கால் ததும்பும்ல, அது மாதிரிதான். இதய அறைகள் கொஞ்சம் விரியும், சுவர் கொஞ்சம் தடிக்கும், வால்வோட வளையம் இழுபட்டு லேசா கசியும். எல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் சில மாசத்துல பழைய நிலைக்கு வந்துடும்.

ரிப்போர்ட்ல இ.எஃப்.னு ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்கிட்ட இருக்கிற ரத்தத்துல எத்தனை சதவீதத்தை வெளிய தள்ளுதுங்கிற கணக்கு. 55க்கு மேல இருந்தா நிம்மதி. இவ்வளவு வேலை கூடினாலும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு இந்த எண் பெரிசா இறங்காது. ஆரோக்கியமா இருக்கிறவங்களை அளந்து பார்த்ததாலதான் இது நமக்குத் தெரியுது. எது சகஜம்னு தெரியாதவங்க என்னை மாதிரிதான் பயமுறுத்துவாங்க.

(எக்கோ வெறும் ஒலி அலைதான், எக்ஸ்ரே கதிர் கிடையாது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்வாங்க. இதயம் நல்லா தெரியும், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாது.)

அதுக்காக எல்லாத்தையும் "கர்ப்பம்னா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில 2016 முதல் 2019 வரைக்கும் இதய நோய் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. பத்துல ஆறு பேருக்கு நோய் இருக்கிறதே அந்தக் கர்ப்பத்துலதான் முதல்முறையா தெரிஞ்சிருக்கு. அதிகம் இருந்தது, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் விட்டுட்டுப் போன வால்வு நோய்.

மாடி ஏறினா மூச்சு வாங்குறது சகஜம். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுறது, நடுராத்திரி இருமலோட எழுந்து உக்கார்றது, மயக்கம், நெஞ்சுவலி, இதெல்லாம் சகஜம் இல்ல. அன்னைக்கே வாங்க. குழந்தை பிறந்து அஞ்சு மாசம் வரைக்கும் இதையெல்லாம் கவனிக்கணும். நல்லா இருந்த இதயம் அந்தச் சமயத்துலயும் பலவீனமாகலாம்.

மூணு வருஷம் முன்னாடி நான் மாசமா இருந்தப்போ எனக்கும் எக்கோ எடுத்தாங்க. என் ரிப்போர்ட்லயும் அதே வரி! ஒண்ணும் இல்லைன்னு நல்லாத் தெரியும். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அதை எடுத்துப் படிச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணோட முகம் ஞாபகம் வந்துச்சு.

இப்போ இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தா, கீழயே தமிழ்ல எழுதிக் கொடுத்துடறேன்: "கர்ப்பத்தால் வந்த மாற்றம். இதயம் நன்றாக உள்ளது." போன வாரம் அந்த மாமியார் எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படிச்சாங்க. "ஊட்டுக்காரர்கிட்டயும் காட்டணும்"னு சொல்லி, மஞ்சப்பையில பத்திரமா வெச்சுக்கிட்டாங்க.