ஒரே சீட்டில் எழுதுங்கள்

சிவகாசியில் பெண்களின் உடம்புவலியை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பயர் ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும் என்பார்கள். பட்டாசுப் பெட்டி அடைக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்த எனக்கும் அதே பதில்தான். வேலையை விட்டும் வலி விடவில்லை. தூங்கி எழுந்தாலும் அசதி. சாப்பிட்டதும் வயிறு முறுக்கும். கழிப்பறைக்கு ஓடினால்தான் அடங்கும்.

எலும்பு டாக்டர் தந்த வலி மாத்திரை வயிற்றை எரித்தது. வயிற்று டாக்டர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் இரண்டையும் சேர்த்துக் கேட்டார். ஃபைப்ரோமயால்ஜியா, கூடவே ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு.

இந்த இரண்டிலும் ஸ்கேனில் தெரியும்படி எதுவும் பழுதாகியிருக்காது. நரம்புகளும் மூளையும் சின்னத் தூண்டலையும் பெரிய வலியாக உணர்கின்றன. அதனால்தான் இவை அடிக்கடி ஒரே உடம்பில் சேர்ந்து வருகின்றன. 1990இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11இல் வலித்தால்தான் ஃபைப்ரோமயால்ஜியா. 2010இல் அழுத்திப் பார்ப்பதை விட்டார்கள். எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, மறதி உண்டா, வயிறு எப்படி என்று நோயாளி சொல்வதே கணக்கானது. 'ஒண்ணுமில்ல' என்று கேட்டே பழகிய பெண்களுக்கு இது சின்ன மாற்றம் அல்ல.

சேர்த்துச் சொன்னால்தான் சேர்த்து வைத்தியம் பார்க்க முடியும். இரவில் சிறிய அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் தூக்கம், உடம்புவலி, வயிற்றுவலி மூன்றுக்கும் உதவக்கூடும். அது குடலின் வேகத்தைக் குறைப்பதால் பேதிக்காரர்களுக்கு ஒத்துவரும், மலச்சிக்கல்காரர்களைப் படுத்தும். ப்ரீகாபலினாலும் மலச்சிக்கல் வரலாம், டுலோக்செடினால் குமட்டலாம். இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை, வயிற்றைத்தான் கெடுக்கும். மலத்தில் ரத்தம் போனாலோ எடை தானாகக் குறைந்தாலோ வேறு நோயா என்று பார்த்தாக வேண்டும்.

மருந்தைவிட உடற்பயிற்சியைத்தான் 2017இல் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்பு அழுத்தமாகப் பரிந்துரைத்தது. டாக்டரம்மாவும் நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவள் எழுந்து நடந்தால் கூலி குறையும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்த மதினிமாரை எனக்குத் தெரியும். ஆலையில் குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது.

டாக்டரிடம் போகும்போது வலியையும் வயிற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்க்கிற வேலையையும், அங்கே கழிப்பறை இருக்கிறதா என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.