மேற்குக் கரை நடை – 6: சேனை விரித்த கடை

போன இதழில் குளச்சல் வெற்றித்தூண் நிழலில் நின்று, 1741-இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா மடக்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மேற்கே கடலோரப் பேருந்து. ஒரு பக்கம் கல் அடுக்கிய தடுப்பு, அதைத் தாண்டிக் குதிக்கிற கடல். வைகாசி முடியும் நேரம். எடவப்பாதி இரண்டு மழை பெய்து விட்டிருந்தது.

இனயம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். 2016-இல் மத்திய அமைச்சரவை இங்கே துறைமுகம் கட்டக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கரை ஊர்கள் திரண்டு எதிர்த்தன. திட்டம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. அதைப் பற்றி நாலு பேரிடம் பேசி எழுதலாம் என்றுதான் வந்தேன். எழுதப்போவதோ ஒரு பூவைப் பற்றி. எல்லாம் அந்தச் சாயங்காலத்து வாடை செய்த வேலை.

தங்கியது ஒரு நண்பன் வீட்டில். அவன் வளைகுடாவில் இருக்கிறான். வீட்டில் அவன் அம்மாவும், தம்பியும், எண்பதைத் தாண்டிய பாட்டியும். வீடு கடற்கரை மணலில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, செம்மண் மேட்டில், தென்னையும் மரச்சீனியும் நிற்கிற விளைக்குள் இருந்தது. "குளிச்சிட்டு வா மக்கா, கெழங்கும் மீனும் இருக்கு" என்றார் அம்மா. கிணற்றடிக்குப் போகும்போதே மூக்கில் அடித்தது. நான் வாய் திறக்கவில்லை. கருவாடு காயும் ஊருக்கு விருந்தாளியாக வந்துவிட்டு நாற்றம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இருட்ட இருட்ட வாடை ஏறியது. கடைசியில் அம்மாவே பொறுக்கமாட்டாமல், "எலியாக்கும். எங்கயோ செத்துக் கெடக்கு" என்று தம்பியை விறகுப் புரைக்குள் அனுப்பினார். அவன் சிரட்டைக் குவியலைக் கலைத்தான், மீன் கூடையைக் கவிழ்த்தான், கோழிக்கூட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தவே இல்லை. "எலியுமில்ல, பூனையுமில்ல. கெணத்துக்கு அந்தால சேனை பூத்திருக்கும், போய்ப் பாருங்க."

பூத்துத்தான் இருந்தது. இலை ஒன்றுகூட இல்லாமல், வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு, தரையோடு தரையாக. வெளியே ஓரம் சுருங்கி மடிந்த ஒரு பாளை, பெண்கள் பாவாடையைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்த மாதிரி. நடுவில் கருஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, என் இரண்டு கையிலும் அடங்காத ஒரு முண்டு. கசாப்புக் கடையில் வெயில் பட்டுப்போன ஈரலுக்கு அதே நிறம். குனிந்து தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோலச் சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சூடு வேண்டுமென்றே உண்டாக்குவது. சேர்த்து வைத்த மாவுச்சத்தை எரித்துச் சேனை தன் முண்டைச் சூடேற்றுகிறது. சூட்டில் வாடை ஆவியாகி மேலெழுந்து தூரம் போகிறது. வாடைக்குக் காரணம் டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு போன்ற கந்தகக் கூட்டுப்பொருள்கள். செத்த இறைச்சி அழுகும்போது கிளம்புவதும் இவைதான். ஆகவே தம்பியின் மூக்கைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நிறம், சூடு, வாடை மூன்றையும் கூட்டிப் பிணம் என்று ஒரு கடை விரித்திருக்கிறது சேனை. சரக்கு மட்டும் கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் பாளைக்குள் பச்சை ஈக்களும் சில கறுப்பு வண்டுகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. முட்டையிட இடம் தேடி வந்தவை.

நாம் பூ என்கிறோமே, அது ஒரு பூ அல்ல. முண்டுக்குக் கீழே தண்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான பூக்கள். அடியில் பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள். முதல் நாள் பெண் பூக்கள் மட்டும் தயார். மறுநாள்தான் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். சொந்தத் தூள் சொந்தச் சூலில் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. முதல் இரவு வருகிற ஈ, வேறெங்கோ ஏமாந்து தூளைப் பூசிக்கொண்டு வந்ததாக இருக்கவேண்டும். இங்கிருந்து போகிற ஈ இன்னொரு சேனையிடம் போய் மறுபடி ஏமாறவேண்டும். இரண்டு தடவை ஏமாறுகிற ஈயை நம்பி நடக்கிற தொழில்!

சேனையின் பெரிய அண்ணன் சுமத்ராவில் இருக்கிறது. ஒரே பேரினம். 1878-இல் இத்தாலியரான ஒடோவார்டோ பெக்காரி அங்கே கண்டு எழுதினார். 1889-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பூத்தது. ஆள் உயரத்தைத் தாண்டி மூன்று மீட்டர் வரை நிற்கும். அதே சுமத்ராவில் 1818-இல் ஜோசப் அர்னால்டு கண்ட ரஃப்லேசியா, தனிப்பூவிலேயே உலகில் பெரியது, ஒரு மீட்டர் அகலம். அதற்கும் சேனைக்கும் சொந்தமில்லை. பிண வாடை உத்தி மட்டும் ஒன்று. நம்மூர்க் கரம்பில் கிடக்கிற ஆடுதீண்டாப்பாளை இன்னும் கெட்டிக்காரி. குழல் பூவுக்குள் ஈயை இறக்கி, உள்நோக்கிய மயிரால் வழியை அடைத்து, தூள் பூசி முடித்தபின் மயிர் வாடி விடுதலை கொடுப்பாள். சேனைக்கு அந்தச் சிறை வேலையெல்லாம் கிடையாது. கடை திறந்தே கிடக்கும்.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இந்த விளையில் யாருக்கும் தேவையில்லை. சேனையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. முளைக்கண் இருக்கிற மாதிரி கிழங்கைத் துண்டுபோட்டு நடுவார்கள். நடுவதற்கு மாசி. மாசியில் நட்டால் குடத்தளவு, பங்குனியில் நட்டால் மீன்கண்ணளவு என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. பாட்டி அதை மலையாளத்திலேயே சொன்னார். ஒழுங்காக நட்டு ஒழுங்காகத் தோண்டினால் பூ பார்க்க வாய்ப்பே குறைவு. தோண்டாமல் மறந்துபோன கிழங்குதான் மழை கண்டதும் இப்படிக் கிளம்பும். "பூ கெழங்கத் தின்னுப்போடும்" என்பது பாட்டியின் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. அந்தச் சூட்டுக்கு விறகு கிழங்குதானே.

குளச்சலில் தோற்ற அதே டச்சுக் கம்பெனியின் கொச்சித் தளபதி வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற செடிகொடி நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சேனையும் தன் பெயரோடு அதில் இருக்கிறது. இன்று திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில், 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ பத்மா' என்று ஒரு சேனை ரகமே கொடுத்திருக்கிறது.

மறுநாள் வாடை அடங்கிவிட்டது. மத்தியானம் சேனை எரிசேரி. நாக்கு அரிக்காமலிருக்க அம்மா புளித்தண்ணீரில் போட்டெடுத்திருந்தார். கிழங்குக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, அதுதான் குத்துவது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முண்டு தளர்ந்திருந்தது. அதற்குக் கீழே, கடலைமாவு சிந்தியது போல மஞ்சள் தூள் பாளை முழுவதும் கொட்டிக் கிடந்தது. இரண்டு ஈக்கள் அதில் புரண்டு எழுந்து கடற்கரைப் பக்கம் பறந்தன.

மூன்றாம் நாள் காலை கரைக்கு இறங்கினேன். கரமடி இழுத்து முடித்து, ஒரு அக்கா வலை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். துறைமுகம் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் பக்கத்தில் கிடந்த ஓலைக்கீற்றை எடுத்து ஈ விரட்டினார். எழுந்த ஈக்களில் ஒன்று மட்டும் பிடிவாதமாகத் திரும்பி வந்து அதே நெத்திலிமேல் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். முதுகில் பொட்டு வைத்ததுபோல மஞ்சள்.

"என்ன அண்ணா, ஈயைப் போயி இப்பிடிப் பாக்கிய?" என்று கேட்டு, மறுபடி ஓலையை வீசினார் அக்கா.

(அடுத்த இதழில்: தேங்காப்பட்டணம்)