வாயைத் திறந்து பார்க்க வேண்டும்

பிரிட்டில் ஸ்டாரை அடையாளம் காண அதன் கைகளைப் பார்த்தால் போதாது. முதலில் கண்ணில் படுவது என்னவோ கைதான். நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு தட்டு, அதிலிருந்து பாம்பு வால் போல நெளியும் ஐந்து கைகள். ஓபியூராய்டு என்ற கிரேக்கப் பெயரிலேயே பாம்பும் வாலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கையை நம்ப முடியாது. பிடித்தால் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஜாதகம் முழுக்க அடிப்பக்கத்தில், வாயில் இருக்கிறது. தாடை எப்படி, பல் எப்படி, வாயோரத்துச் சின்ன முட்கள் எத்தனை. எம்.எஸ்சி. படித்தபோது பிளீச்சில் ஊறவைத்துத் தோலைக் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் சுண்ணாம்புத் துண்டுகளை எண்ணியே எனக்கு ஒரு செமஸ்டர் போனது.

என் கைக்கு வந்ததெல்லாம் தூத்துக்குடி விசைப்படகுகளின் சங்காயத்தில், கோழித்தீவனத்துக்குப் போகிற குவியலில் பொறுக்கியவை. கரையோர இனங்கள். ஆழ்கடல் இனங்களைப் புத்தகத்தில்தான் பார்த்தேன். அந்தப் புத்தகம் 1899-ல் கல்கத்தாவில் அச்சானது. இன்வெஸ்டிகேட்டர் என்ற சர்வே கப்பல் நம் கடல்களில் வாரி எடுத்தவற்றை, பிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் ரெனே கோலர் வகைப்படுத்தி எழுதியது. வங்காள விரிகுடாவின் அடியில் என்ன ஊர்கிறது என்று தெரிந்துகொள்ள இன்றும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறேன். இதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று முடிவுசெய்யவில்லை.

பெயர் வைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த குவியலை 1882-ல் தியோடர் லைமன் வரிசைப்படுத்தினார். 1915-ல் ஜப்பானின் மட்சுமோட்டோ வேறொரு வரிசை போட்டார். கை கிளைத்துக் கிளைத்துக் கூடைபோல் விரியும் இனங்களும் அவற்றின் சொந்தங்களும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்ற பழைய பிரிவினை ரொம்ப நாள் நின்றது. மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் டிம் ஓஹாராவும் கூட்டாளிகளும் 2014-ல் மரபணுக்களை ஒப்பிட்டபோது அது சரிந்தது. தனிக்குடித்தனம் என்று நினைத்த கூடைக்காரர்கள், சாதாரணமாய்த் தெரிந்த ஒரு கூட்டத்துக்குப் பங்காளிகள்!

எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. 2011-ல் நியூ கலிடோனியாவுக்குக் கிழக்கே, டூராண்ட் என்ற கடலடி மலையில், சுமார் 500 மீட்டர் ஆழத்தில் ஒரு பிரெஞ்சுக் குழுவுக்கு எட்டுக் கை உள்ள ஒரு உயிர் கிடைத்தது. பாரீஸ் அருங்காட்சியகத்தில் ஓஹாரா அதைப் பார்த்தது 2015-ல். வாய் நிறையக் கூரிய பல்வரிசை. எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளை என்று 2021-ல் அறிவித்து, ஓபியோஜூரா என்று பெயர் வைத்தார்கள். அறிவியலுக்குத் தெரிந்தது அந்த ஒரே ஒரு உடல்தான்.

உலகில் சுமார் 2,100 இனங்கள் உண்டு. 200 மீட்டருக்கு மேலே எத்தனையோ, கீழே 3,500 மீட்டர் வரையுள்ள சரிவிலும் ஏறக்குறைய அத்தனை. அதற்கும் கீழே பட்டியல் சட்டென்று மெலிகிறது. அங்கே உணவு குறைவு, உண்மைதான். ஆனால் அங்கே இறங்கிய வலைகளும் குறைவு. பசிபிக்கின் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியில், உலோக உருண்டைகளை அள்ளக் குறித்துவைத்த இடத்தில், மரபணு பார்த்தபோது எதிர்பாராத அளவு வகைகள் வந்தன. அது 2019.

நம்மிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ., 2002-ல் ஒப்பந்தம். 2021-ல் இந்திய எந்திரம் ஒன்று அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து பார்த்தது.

பெரியப்பா மகன் இந்த மாதிரி எந்திரங்களுக்கு ஹைட்ராலிக்ஸ் டிசைன் பண்ணுகிறவன். பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"அங்க என்னல இருக்கு? வெறும் சேறும் உருண்டையுந்தான். கேமரால நானே பாத்தேன்."

"சேத்துக்குள்ள பாத்தீங்களாண்ணே?"

பதில் இல்லை. பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாமா என்றான். வேண்டும்தான். என் ஸ்கூட்டரும் பேட்டரியில்தான் ஓடுகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதை அள்ளுகிறோம் என்று ஒரு பட்டியலாவது போட்டுவிட்டு அள்ளலாமே என்றேன். கொஞ்ச நேரம் கரும்பையே கடித்துக்கொண்டிருந்தான்.

"சரி, சேத்தோட ஏதாவது மேல வந்தா எடுத்து வைக்கச் சொல்லட்டா? கை கிடைச்சா போதுமா?"

"கை வேண்டாம்ணே. நடுத்தட்டு வேணும், வாயோட. ஃபார்மலின்ல போட்ற வேண்டாம்னு சொல்லுங்க, டி.என்.ஏ. கெட்டுப்போகும். ஆல்கஹால்ல போடச் சொல்லுங்க."