அவலாஞ்சி ஓடையில் மீன் தேடிப் போன கதை

ட்ரவுட் மீனை வீடியோ எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஊட்டிக்கு பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது என் செல்போனில் நாற்பத்தேழு படங்கள் இருந்தன. அத்தனையும் கூழாங்கற்கள். ஒன்றில்கூட மீன் இல்லை. 'என்னம்மா இது, வீடு கட்ட ஜல்லி பார்த்துட்டு வந்தியா?' என்று டெஸ்க்கில் கிண்டலடித்தார்கள். அந்தக் கற்களுக்குப் பின்னால் இருக்கிற விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜனவரி மாதக் காலை. ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட். கண்ணாடியைத் திறந்தால் விரல் மரத்துப் போகிறது, மூடினால் வெளியே எதுவும் தெரிவதில்லை. முத்தோரை பாலாடா பக்கம் வந்ததும் மலைச்சரிவு முழுக்கக் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்கள். ரோட்டோரத்தில் கேரட் கழுவும் மிஷின் சுற்றிக்கொண்டிருக்க, செம்மண் கலந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதையும் ஒரு படம் எடுத்தேன். அந்தக் கலங்கல் தண்ணீருக்கும் நான் தேடிப்போன மீனுக்கும் என்ன சம்பந்தம் என்பது மத்தியானம்தான் புரிந்தது.

எமரால்டில் எனக்காகக் காத்திருந்தவர், ட்ரவுட் பண்ணை வேலையில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தலையில் கம்பளிக் குல்லா, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு தெர்மாமீட்டர், சணல் கயிறு, நீளமான ஒரு நோட்டு. "மீன் பாக்கணுமா, மீன் இருக்கான்னு பாக்கணுமா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே ஐயா என்றேன். "வேற வேறம்மா" என்றபடி நடக்க ஆரம்பித்தார்.

ட்ரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. இங்கே இருப்பது 'ரெயின்போ ட்ரவுட்' எனும் வகை. உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும், மேலெல்லாம் கரும்புள்ளி இருக்கும். இதன் தாய்வீடு பசிபிக் கடலோரத்து ஆறுகள். நீலகிரியில் தங்கிய வெள்ளைக்காரர்களுக்கு இருந்த பெரிய குறை, இந்த உச்சி மலை ஓடைகளில் தூண்டில் போடுகிற அளவுக்கு நல்ல மீன் இல்லை என்பது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆராய்ச்சியாளர் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார். அந்த முயற்சி பலிக்கவில்லை. நாற்பது வருடங்களுக்கும் மேல் கழித்து ஹென்றி சார்லஸ் வில்சன் என்பவர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்டன. குளிர்ந்த தண்ணீரும் வேகமான ஓட்டமும் நிறைய காற்றும் கிடைத்ததால் மீன் இங்கேயே தங்கிவிட்டது.

பொரிப்பகத்து வேலையை ஐயா விவரித்தபோது, அவர் கைகள் தானாக அந்த வேலையைச் செய்துகாட்டின. குளிர்காலத்தில் சினை முற்றிய பெண் மீனை ஈரத்துணியில் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல நீவ வேண்டும். ஜவ்வரிசி அளவில் ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் விழும். ஒரு கிலோ எடையுள்ள மீன் சுமார் 2,000 முட்டை தரும். ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டு, பறவை இறகால் கலப்பார்கள்.

"கரண்டி வெச்சுக் கலந்தா நசுங்கிடும். இறகுதான் சரி."

பிறகு முட்டைகளைத் தட்டுகளில் பரப்பி, குளிர்ந்த ஓடைத் தண்ணீரைச் சதா ஓடவிட வேண்டும். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதைத் தினமும் பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் சாகடிக்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். தண்ணீர் கொஞ்சம் சூடானால் சீக்கிரம் பொரிக்கும், ரொம்பச் சூடானால் பொரிக்கவே பொரிக்காது. அதனால்தான் தெர்மாமீட்டர் அவரை விட்டுப் போகவில்லை. வேலையில் இருந்தபோது தினமும் பார்த்து எழுதிய பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் தொடர்கிறது.

"சரி, தட்டுல பொரிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓடையில தானா பொரிக்குதா? அதான் கேள்வி" என்றார்.

நாங்கள் நின்றது ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கல்வெர்ட். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கீழே ஓடை தெரிகிறது. இரண்டு பக்கமும் சீகை மரம், நடுவே முழங்கால் ஆழத்துக்குக் கண்ணாடி மாதிரி தண்ணீர். நல்ல படம் கிடைக்குமே என்று சரிவில் இறங்கப் பார்த்தேன்.

"இறங்காதம்மா! இந்த மாசத்துல தண்ணில கால் வைக்கவே கூடாது."

ஏன் என்று கேட்டேன். அங்கேயே பாடம் ஆரம்பித்தது.

அணைத் தண்ணீரில் வளர்கிற ட்ரவுட்கூட முட்டையிட அங்கே நிற்காது. அணையின் அடியில் சேறுதான் இருக்கும், ஓட்டமும் இருக்காது. அதனால் மீன் எதிர்நீச்சல் போட்டு, அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிற்றோடைகளுக்குள் ஏறும். அங்கே பட்டாணி அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை கூழாங்கல் கிடக்கும் இடத்தைத் தேடும். இடம் பிடித்துவிட்டால் பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் தரையை அடிஅடி என்று அடிக்கும். கல் எழும்பி ஒதுங்கிக் குழியாகும். குழியில் முட்டை விழுந்ததும் ஆண் மீன் தன் பங்கைச் செய்யும். பெண் மீன் கொஞ்சம் மேலே போய் மறுபடி அடித்து, அந்தக் கல்லாலேயே குழியை மூடிவிடும். அதோடு தாய்க்கும் பிள்ளைக்கும் உறவு முடிந்தது. அதற்கப்புறம் முட்டையைக் காப்பாற்றுவது கல் இடுக்குகளில் புகுந்து ஓடும் தண்ணீர்தான். அந்த இடுக்கை மண் அடைத்துவிட்டால் முட்டைக்கு மூச்சு முட்டும். மேலே பார்த்தால் ஓடை அழகாக ஓடிக்கொண்டிருக்கும், அடியில் எல்லாம் செத்துக்கிடக்கும்.

பாலாடாவில் நான் அழகென்று படம் எடுத்த செம்மண் தண்ணீர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வாய்க்கால் இந்த ஓடைக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், சரிவில் கொத்திப்போட்ட மண் மழைக்கு எங்கே போகும் என்பதற்கு அதுவே பதில்.

முட்டையிட்ட இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடையின் அடித்தளக் கற்களெல்லாம் பாசி படிந்து பழுப்பாக இருக்கும். மீன் புரட்டிப்போட்ட இடம் மட்டும் துலக்கிய பாத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். ஒரு பள்ளமும், அதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மேடும் இருக்கும். வெளிநாடுகளில் இதைக் கணக்கெடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வெயில் நன்றாக விழும் நேரத்தில், நீர் மேல் மினுக்கத்தைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையோரமாக நடப்பார்கள். பளிச்சென்ற இடங்களை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். சில நாள் இடைவெளியில் அதே ஓடைக்கு மறுபடி வருவார்கள், ஏனென்றால் பாசி திரும்பப் படிந்துவிட்டால் தடயம் போய்விடும். மீனை எண்ணுவது கஷ்டம், அது ஓடி ஒளியும். குழி ஓடாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்றொரு ஆறு. ஏறத்தாழ நூறு வருடங்கள் அதை மறித்து நின்ற இரண்டு அணைகளை 2011-லிருந்து 2014-க்குள் இடித்தார்கள். கடலுக்குப் போக வழியில்லாமல் மேலே சிக்கியிருந்த ரெயின்போ ட்ரவுட்டுக்குப் பாதை திறந்தது. கடலுக்குப் போய்த் திரும்பும் அதன் வகையான ஸ்டீல்ஹெட், அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலேறி வந்தது. அது வருகிறதா என்று அறியவும் அங்கே செய்த வேலைகளில் ஒன்று, ஓடை ஓடையாக நடந்து முட்டைக்குழிகளை எண்ணுவதுதான்.

நம்ம பக்கம் கதை தலைகீழ். மீன் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அணைகள் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள் எல்லாம் அந்தக் குடும்பம்தான். மீனுக்கு மேய்ச்சல் இடம் பெரிதானது, ஆனால் முட்டையிடப் பழைய ஓடைகளின் மேல்பாதி மட்டும்தான் மிச்சம். நீர்மட்டம் இறங்கும்போது ஓடை அணையில் சேரும் இடத்தில் சேற்று மேடு எழுந்து நிற்கிறது. அதைத் தாண்டித்தான் மீன் ஏறியாக வேண்டும்.

ஐயா சணல் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி ஓடையில் இறக்கினார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. தூக்கிப் பார்த்தால் 11 டிகிரி. நோட்டில் எழுதினார். நோட்டில் மூன்றே மூன்று பத்திகள்: தேதி, தண்ணீர்ச் சூடு, 'வெளுத்த கல்'. மற்றபடி ஒரு வரி விளக்கம் கிடையாது. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை இந்தக் கல்வெர்ட்டுக்கு வந்து எழுதுகிறாராம். யார் கேட்டு என்றேன். "யாரும் கேக்கல" என்றார், நான் என்னவோ வேடிக்கையாகக் கேட்டுவிட்ட மாதிரி.

புரட்டிக்கொண்டே வந்தேன். 2019 கடைசியில் சில பக்கங்கள் காலி. அந்த ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னையில் உட்கார்ந்து நானும் அப்போது செய்தியில் பார்த்தேன். மலை சரிந்தது, ரோடு போனது, உயிர்களும் போயின. மீனைப் பற்றி யார் நினைப்பார்கள்? "வெள்ளம் வடிஞ்சு வந்து பாத்தா ஓடை இடம் மாறிக் கெடக்கு. பழைய கல்லு ஒண்ணுமே இல்ல. எதை எழுதுறது?" என்றார். அடுத்த குளிரில்தான் மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார்.

எனக்கு ஒரு கேள்வி காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு போட்ட பட்டியலில் இந்த ரெயின்போ ட்ரவுட்டும் இருக்கிறது. இது வெறும் புழுபூச்சி தின்னும் மீன் அல்ல. சின்ன மீன், தலைப்பிரட்டை எல்லாம் உள்ளே போகும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் விட்டதில் அங்கத்துத் தவளைகள் அழிவின் விளிம்புக்குப் போயின. சில ஏரிகளில் மீனை அகற்றியதும் தவளைகள் திரும்பின. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் ஏராளம். வரையாட்டுக்காக உருவான முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஓடைகளிலும் ட்ரவுட் இருக்கிறது.

தயங்கித்தான் கேட்டேன். வாழ்நாளெல்லாம் ஒரு மீனை வளர்த்தவரிடம், அந்த மீன் இங்கே இருக்கலாமா என்று கேட்பது லேசான காரியமில்லை. கோபப்படவில்லை. ரொம்ப நேரம் ஓடையையே பார்த்தார்.

"சின்ன வயசுல மழைக்காலம் வந்தா தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. இப்பவும் கத்துது. கூடுச்சா குறைஞ்சுச்சா, மீனாலயா மருந்தாலயா... நான் எழுதி வெச்சது தண்ணியும் கல்லும்தானே."

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். இனிமேல் புதிய ஓடைகளில் ட்ரவுட் குஞ்சுகளை விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்கெனவே நூறு வருடங்களாக இருக்கிற இடங்களில் அது எவ்வளவு இருக்கிறது, எந்த ஓடையில் முட்டையிடுகிறது, எதில் நிறுத்திவிட்டது என்ற கணக்கு அவசியம் வேண்டும். மீன் வேண்டும் என்பவருக்கும் அது தேவை, தவளைதான் முக்கியம் என்பவருக்கும் அதே கணக்குதான் தேவை. இன்னொன்று, ட்ரவுட் முட்டை சாகிற ஓடையில் மண் சேர்கிறது, தண்ணீர் சூடாகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர்தான் பவானியில் இறங்கிக் கீழே கோவை, ஈரோடு மாவட்டங்களுக்குப் போகிறது.

நீங்கள் அவலாஞ்சி போவதாக இருந்தால் ஒரு விஷயம். வனத்துறை வாகனத்தில்தான் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள், சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். குளிர்காலத்தில் எந்த ஓடையைப் பார்த்தாலும் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கி ரீல்ஸ் எடுக்காதீர்கள். ஒரு மிதிக்கு எத்தனை முட்டை என்று யாரும் எண்ண முடியாது.

கிளம்பும் நேரம் ஐயா என்னைக் கூப்பிட்டு, எதிர்க்கரையில் வளைவுக்கு அருகே ஓரிடத்தைக் காட்டினார். பழுப்புக் கற்களுக்கு நடுவே இரண்டு முறம் அகலத்துக்கு வெளிறிய திட்டு. "முட்டைக்குழியா ஐயா?" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இடம் மாறி நின்று பார்த்தார். மாடு இறங்கிய தடமாகவும் இருக்கலாம் என்றார். செல்போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அதிலும் தெரியவில்லை.

நோட்டைத் திறந்து மூன்றாவது பத்தியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். அதற்குள் ஊட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் வந்துவிட்டது. "அடுத்த வாரம் பாசி ஏறியிருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன், நம்பர் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.