வண்டி திரும்ப ஓர் இடம்

ஜொவான்னி பத்திஸ்தா ஃபால்தாவின் ரோம் நகரச் செம்புத்தகட்டு அச்சோவியங்களைப் பார்க்கும்போது என் கண் கோபுரத்துக்குப் போவதில்லை, தெருவுக்குத்தான் போகிறது. 1665-இல் வெளிவரத் தொடங்கிய அந்தத் தொகுப்பின் நோக்கம் போப்பாண்டவர் ஏழாம் அலெக்சாண்டர் எழுப்பிய கட்டடங்களின் பெருமையைச் சொல்வது. சாந்தா மரியா தெல்லா பாச்சே என்னும் சமாதான மாதா கோயிலும் அதில் உண்டு. அங்கே நான் தேடுவது குதிரை வண்டிகளை.

அந்தச் சதுக்கமே வண்டிகளுக்காகப் பிறந்ததுதான். குறுகலான சந்துகளுக்குள் ஒடுங்கியிருந்த கோயில் அது. பூசைக்குப் பெரிய மனிதர்கள் வண்டியில் வந்தால் திருப்ப இடமிருக்காது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அலெக்சாண்டருக்கு நகரத்தைத் திருத்துவதில் தீராத ஆசை. ரோமின் மர மாதிரி ஒன்றைத் தன் அறையிலேயே வைத்திருந்தவர். அவர் குடும்பத்தின் சிற்றாலயமும் இந்தக் கோயிலுக்குள் இருந்தது. 1656-57-இல், ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்த நேரத்தில், கட்டடக் கலைஞர் பியெத்ரோ தா கொர்தோனா வேலையைத் தொடங்கினார். சுற்றியிருந்த வீடுகளை இடித்து வண்டி திரும்பும் அளவுக்கு இடம் எடுத்தார். கோயில் முகப்பில் தூண் மண்டபத்தை அரைவட்டமாக முன்னே தள்ளினார். இருபுறமும் சுவர்கள் வளைந்து பின்வாங்க, அந்தச் சின்ன இடம் நாடக மேடைபோல ஆகிவிட்டது. நெரிசலைத் தீர்க்கப் போய் இப்படி ஓர் அழகு பிறந்ததே! நகரங்களைப் பற்றி எனக்கு இதைவிடப் பிடித்த கதை கிடையாது.

ஃபால்தா பதின்ம வயதில் ரோமுக்கு வந்தவர். முப்பத்தைந்தை எட்டாமல் 1678-இல் இறந்துபோனார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிடும் வேலை. அச்சில் இடம் வலமாகும் என்பதால் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டே வரையவேண்டும். தூணும் சுவரும் நேர்த்தியான கோடுகள். மனிதர்களோ நாலைந்து கீறல்களில் முடிந்துவிடுகிறார்கள், ஆனாலும் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். அவர்களைச் சிறிதாக வரைந்ததால் கட்டடம் ஓங்குகிறது, சதுக்கம் அகலமாகிறது. நேரில் அத்தனை விசாலம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. கட்டடக் கலைஞர், வரைந்தவர், அச்சிட்டவர் என்று பெயர்களைப் பொறிப்பது அந்தத் தகடுகளின் வழக்கம். வண்டி திரும்புவதற்காக வீட்டை இழந்தவர்கள் எந்தச் சந்தில் குடியேறினார்கள்? அவர்களுக்கும் ஒரு வரி பொறித்திருக்க வேண்டும்.