தந்தையார் வண்டியின் கியர்ப்பெட்டி

நமது கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பத்திராசிரியர் கேட்டபொழுது, எழுதத்தக்க பொருள் எதுவும் என்னிடம் இல்லையென்றே முதலில் மறுத்தேன். கல்வியைப் பற்றியோ, வாழ்க்கையின் பயனைப் பற்றியோ எழுதுவதற்கு என்னினும் தகுதியுடைய பழைய மாணவர் பலர் உளர். பணியினின்றும் ஓய்வு பெற்றபின் நான் செய்துவந்ததெல்லாம் ஒரு பழைய மோட்டார் வண்டியின்கீழ் மல்லாந்து படுத்திருந்ததே. "அதனையே எழுதுங்கள்" என்றார் அவர். ஆதலின், இதனைப் படித்துச் சலிப்புறுவோர் என்னை நோவாது அவரையே நோவாராக.

அவ்வண்டி, என் தந்தையார் முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, 1974-ஆம் ஆண்டில் பெற்ற அம்பாசடர் மார்க் 2. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1950-களின் இறுதி தொடங்கி 2014 வரையில் உற்பத்தி செய்த அம்பாசடரை அறியாதார் நம்முள் இலர். என் தந்தையார் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மருத்துவர். நள்ளிரவில் வண்டி புறப்படும் ஓசையைக் கேட்டு, "யாருக்கோ பிரசவம்" என்று அறிந்து, நானும் என் தங்கையும் மீண்டும் உறங்கிப்போவோம். 2009-இல் அவர் காலமானபின், ஏழாண்டுகள் அது கொட்டகையிலேயே நின்றது.

அதன் கியர்க்கோல் தரையிலன்று, ஸ்டீயரிங்குத் தண்டின் இடப்புறத்தில் இருந்தது. முன்செல்லும் கியர்கள் நான்கு. அவற்றுள் மேல்மூன்றுக்கும் சிங்க்ரோமெஷ் என்னும் ஏற்பாடு உண்டு, முதற்கியருக்கு இல்லை. இயந்திர நூல் பயிலாதார் பொருட்டு இதனைச் சிறிது விளக்குவேன். வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு சக்கரங்களைக் கோக்க முயன்றால் பற்கள் மோதிக் கதறும். கோக்குமுன் இரண்டின் வேகமும் ஒன்றாதல் வேண்டும். கூம்பு போன்ற ஒரு முகத்தின்மீது வெண்கல வளையமொன்று முன்னதாகவே உராய்ந்து அவ்வேகத்தைச் சமன்செய்யும். சமனாகும்வரை உள்ளே புகவிடாது தடுத்தும் நிற்கும். இவ்வேற்பாட்டின் ஆதிவடிவம் 1928-இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில் வெளிவந்தது. அஃதில்லாத கியரில் வளையத்தின் வேலையை ஓட்டுபவரே செய்தல் வேண்டும். கிளட்சை மிதித்துக் கோலை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளட்சை விட்டு, இயந்திரத்தை ஒருமுறை முறுக்கி, மறுபடி மிதித்துக் கோலைத் தள்ளவேண்டும். என் தந்தையார் இத்தனையையும் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார்.

நான் அவர் மகன்தான். ஆனால் அக்கை என்னிடம் வரவில்லை. 2016 டிசம்பரில் வண்டியை ஒருவாறு ஓடச்செய்து, எழுபத்தொன்பது வயதான என் தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, புளியரையைக் கடந்து ஆரியங்காவுக்கு ஏறும் சாலையிற் சென்றேன். ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, வேகம் தளர்ந்தது. இரண்டாங்கியர் இழுக்கவில்லை. முதற்கியருக்குக் கோலைக் கொணர்ந்தேன், புகவில்லை. மறுபடி முயன்றேன். அதற்குள் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிற்று. அக்கணத்தில் பிரேக்கை மிதிக்கவேண்டிய நான், அறிவிழந்து, கோலையே முழு வலிவோடு திணித்தேன். உள்ளே ஏதோ முறிந்த ஓசை கேட்டது. பிறகே கால் பிரேக்கைத் தேடிற்று. பின்னால் வந்த லாரி நான்கடி தூரத்தில் நின்றிருந்தது. அதன் கிளீனர் ஓடிவந்து எங்கள் சக்கரத்தின்கீழ் ஒரு கட்டையை வைத்தான். என் தாயார் மடியிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை இரு கைகளாலும் பற்றியபடி ஒன்றும் பேசாதிருந்தார். அம்மௌனத்தை நினைத்தே அன்றிரவு நான் உறங்கவில்லை.

நிற்க. எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணாச்சி, என் தந்தையார் காலத்திலிருந்தே அவ்வண்டியைப் பார்த்துவருபவர். எழுபத்து நான்கு வயது; கை சற்று நடுங்கும்; ஆனால் திருப்புளியைப் பிடித்தவுடன் நடுக்கம் நின்றுவிடும். பெட்டியைக் கழற்றி எண்ணெயை வடித்தோம். எண்ணெயில் பொற்றூள் போன்று வெண்கலப்பொடி மின்னிற்று. முதற்கியரின் பற்கள் மூன்று முறிந்து அடியிற் கிடந்தன. முதற்கியர்ச் சக்கரம் ஒன்றை மட்டும் மாற்றினாற் போதாதோ என்று கேட்டேன். போதாது, ஏனெனில், அதற்கு இணையான கீழ்ச்சக்கரம் தனியானதன்று. லே ஷாப்டு என்னும் கீழ்த்தண்டின்மேல் சுழலும் சக்கரங்கள் யாவும் ஒரே இரும்பிற் கடைந்தெடுத்தவை. ஒன்றின் பல் உடைந்தால் தொகுதி முழுவதும் வீண். அதனைத் தாங்கும் ஊசி உருளைகள் ஓடிய இடத்திலும் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்திருந்தன.

அண்ணாச்சி பழைய பெட்டியையே பழுதுபார்த்துவிடலாம் என்றார். நானோ, உண்மையைச் சொன்னால், அந்த முதற்கியரை மறுபடி காண விரும்பவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இதே அம்பாசடருக்கு 1.8 லிட்டர் இசுசூ இயந்திரம் வந்தபொழுது, ஐந்து கியர் கொண்ட பெட்டியும் உடன்வந்தது. அதில் முதற்கியருக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில், உடைத்த வண்டிகளின் உறுப்புகள் மலைபோலக் குவிந்துகிடக்கும் கடைகளில் இரண்டு நாள் அலைந்து அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கிவந்தேன். அண்ணாச்சி அதனைச் சுற்றிவந்து பார்த்து, "சம்பந்தம் நல்ல இடந்தான் தம்பி, ஜாதகம் பொருந்தவேணுமே" என்றார்.

பொருந்தவில்லை என்பது உடனே தெரிந்தது. பழைய 1489 சி.சி. இயந்திரத்தின் பின்முகத்தில் உள்ள துளைகள் ஓரிடம். புதுப்பெட்டியின் துளைகள் வேறிடம். இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு செய்தல் வேண்டும். பெட்டியின் முன்தண்டு கிளட்சைத் துளைத்துச் சென்று, இயந்திரத் தண்டின் குழியிலுள்ள சிறு புஷ்ஷில் நுனியை ஊன்றி நிற்கும். ஆதலின் தகடு தடித்தால் நுனி எட்டாது, மெலிந்தால் முட்டும். குழிக்குப் பொருந்தப் புதிய வெண்கலப் புஷ் கடைந்தோம். கிளட்சுத் தட்டின் விளிம்பு பழையதாகவும் நடுக்குடம் புதுத் தண்டின் வரிப்பற்களுக்கு ஏற்றதாகவும் அமையும்படி ரிவெட்டு அடித்தோம். இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன. தகட்டில்தான் நான் தவறினேன்.

துளைகளை ஒன்றோடொன்று நேராக்கிப் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் மையம் தானே அமைந்துவிடும் என்று எண்ணினேன். "போல்ட்டு இழுத்துப் பிடிக்கும் தம்பி, மையம் காட்டாது. பின் அடிக்கவேணும், அதற்கு முன் டயல் வைத்துப் பார்க்கவேணும்" என்று அண்ணாச்சி இருமுறை சொன்னார். பௌதிகம் கற்பித்தவனுக்குப் பட்டறையில் பாடமா என்னும் செருக்கு என்னைக் கேட்கவிடவில்லை. பெட்டியை ஏற்றினோம். வண்டி ஓடிற்று. ஒரு வாரம் நான் தெருவெல்லாம் பெருமையோடு திரிந்தேன். பின்னர் கிளட்சை மிதித்தாலும் முற்றும் விடுபடாது கியர் முரண்டிற்று. ஒரு முனகல் தோன்றி நாள்தோறும் வளர்ந்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓடுமுன் பெட்டியை மறுபடி இறக்கினோம். புது வெண்கலப் புஷ் முட்டைவடிவாகத் தேய்ந்திருந்தது; முன்தண்டின் பேரிங்கும் போயிற்று. டயல் கேஜைப் பிளைவீலிற் பொருத்தித் தகட்டின் நடுத்துளையைச் சுற்றிவரச் செய்தபொழுது, முள் ஒரு சுற்றில் 0.8 மில்லிமீட்டர் ஆடிற்று. அதாவது மையம் 0.4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. முள்ளின் முழு ஆட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள், ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டருக்குள், அடங்குதல் வேண்டும் என்பது இத்தொழிலோர் வழங்கும் அளவு.

அண்ணாச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை; தேநீர் வாங்கிவரச் சொன்னார். எனக்கோ நமது கல்லூரிப் பௌதிகக்கூடமும், அங்கே ஸ்பெக்ட்ராமீட்டரைச் சரிப்படுத்தாமலே அளவெடுக்கத் துணிந்த என்னை ஆசிரியர் மேசையிலிருந்து எழுப்பியனுப்பிய பிற்பகலும் நினைவுக்கு வந்தன. நாற்பதாண்டுகள் பிறர் பிள்ளைகளை அவ்வாறே எழுப்பியனுப்பியவன் நான்!

தகட்டின் நடுத்துளையை மறுபடி கடைந்து, டயலின் முள் அடங்கிய நிலையிற் பின்கள் அடித்து, அதன்பின்னரே போல்ட்டுகளை இறுக்கினோம். புரொப்பல்லர் ஷாப்டை அறுத்துக் குறுக்கிச் சமன்பார்த்ததும், பெட்டியின் பின்தாங்கியை இடம்மாற்றியதும் விரித்துரைக்கத் தக்கனவல்ல. எண்ணெய் குறித்து மட்டும் ஒன்று சொல்வேன்: பின்னச்சுக்கு ஊற்றும் கந்தகக் கலப்புள்ள எண்ணெய்களிற் சில வெண்கல வளையங்களை அரித்துவிடும், வாங்குமுன் உறையைப் படித்தல் நலம்.

எஞ்சியது கோல் ஒன்றே. தந்தையார் கை முப்பத்தைந்தாண்டுகள் பற்றிய அக்கோலை நீக்க எனக்கு மனம் வரவில்லை. கணக்கிலும் இடமிருந்தது: பழைய பெட்டியிற் கோல் செல்லும் தடங்கள் மூன்று, புதியதிலும் மூன்றே. முன்பு பின்கியருக்கு எதிரே வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது ஐந்தாங்கியர். ஆகவே பழைய கோலைக் கொண்டே புதுப்பெட்டியை இயக்க நெம்புகோல்களும் கம்பிகளும் அமைத்து இரண்டு மாதம் உழைத்தேன். ஆறு மூட்டுகள், ஒவ்வொன்றிலும் மயிரிழைத் தளர்ச்சி. ஆறும் சேர்ந்தபொழுது கோல் இரண்டங்குலம் நகர்ந்த பின்னரே பெட்டி அதனை உணர்ந்தது. எந்தக் கியர் விழுந்ததென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மாலை என் தாயார் கொட்டகைக்கு வந்து, "எதற்கப்பா இந்தப் பாடு?" என்றார். அப்பா பிடித்த கோலாயிற்றே என்றேன். அவர் என்னைச் சற்றுநேரம் நோக்கினார். "உங்கள் அப்பா அந்தக் கம்பியை வையாத நாளில்லை. ஒரு மழைக்காலத்து ராத்திரி பிரசவத்துக்குப் போகும்போது, மேட்டில் இதேமாதிரி பின்னால் உருண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. மிச்சத் தூரம் சேற்றில் நடந்தே போனார். உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்" என்றார்.

பேசிக்கொண்டே கியர் மாற்றிய என் தந்தையாரை அன்றுதான் நான் முதன்முறையாகச் சந்தித்தேனென்று தோன்றிற்று. மறுநாள் காலையில் அண்ணாச்சியே தரையிற் குறியிட்டு அறுத்தார். கோல் தரைக்கு வந்தது. ஸ்டீயரிங்குத் தண்டில் பழைய கோல் நீங்கிய துளையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தோம்.

2018 ஜனவரியில் மறுபடியும் ஆரியங்காவுக்குச் சென்றோம். சமவெளியில் ஐந்தாங்கியரில் இயந்திரம் முன்போல் அலறவில்லை. அதே வளைவில், அதே போன்று, எதிரே ஒரு பேருந்து. வேகம் தளர்ந்தது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே கோலை முதற்கியருக்குத் தள்ளினேன். மெல்லச் சென்று அமர்ந்தது. கண்ணாடியில் பின்னிருக்கையை நோக்கினேன். சோற்றுப் பாத்திரம் இருக்கையில் சரிந்துகிடக்க, என் தாயார் வாய் சற்றே திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்.