கண்ணில் படாத கோர்வை

காஞ்சிபுரம் என்றவுடன் உங்கள் நினைவில் முதலில் எழுவது பட்டுச் சேலையாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டு அலமாரியிலும் நிக்காஹ் நாளின் நினைவாக ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை எடுத்து, உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாக்களில் ஓடிய ஊடை இழைகள் அங்கே வரிசைக்கு வரிசை ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். இதற்குக் கோர்வை என்று பெயர். இதை நெய்ய ஒருவர் போதாது. நாடா தள்ளத் துணைக்கு இன்னொருவர் தறியில் அமர வேண்டும்.

நான் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரைச் சேர்ந்தவன். நெசவாளன் அல்லன், லேத் பட்டறை வைத்திருப்பவன். மர்ஹூம் என் தந்தையார் சென்னை புதுப்பேட்டையில் பழைய வாகன உதிரிபாகங்களை வாங்கி விற்றவர். இரும்பைத் தொட்டுப் பார்த்துத் தரம் அறியும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. என் உழைப்பின் பெரும்பகுதி இரும்பில் செய்யும் ஒருவகைக் கோர்வையிலேயே கழிந்தது. அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். சகோதரிகளே, இது ஆண்களின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வாகனங்களில் பயணம் செய்பவர்களில் நீங்களும் உங்கள் குழந்தைகளும் உண்டு.

ஜீப் போன்ற வாகனங்களில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். அவற்றில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி இருக்கும். அதன் பெயர் டிரான்ஸ்பர் கேஸ். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் வேகத்தைக் குறைத்து, இழுவையை ஏறத்தாழ இரு மடங்காக்குவதும் அதுவே. ஒரு கம்பெனியின் கியர் பெட்டியும் வேறொரு கம்பெனியின் டிரான்ஸ்பர் கேஸும் நேரடியாகப் பொருந்துவதில்லை. போல்ட் துளைகளின் இடம் வேறாக இருக்கும். நடுத்துளையின் விட்டம் வேறாக இருக்கும். தண்டில் வெட்டிய பற்களின் எண்ணிக்கையும் வேறாக இருக்கும். ஆகவே இரு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு கனத்த தகடும், இரு தண்டுகளையும் இணைக்கும் ஒரு கப்ளிங்கும் செய்ய வேண்டும். இதைத்தான் அடாப்டர் என்கிறோம்.

இந்தத் தேவை எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. அதே 1945இல் நம் நாட்டில் மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகம்மது என்பவரும் சேர்ந்து ‘மகிந்திரா அண்ட் முகம்மது’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்றது அந்நிறுவனம்தான்.

அந்தப் பழைய ஜீப்புகள் பெட்ரோலில் ஓடியவை. 1973இன் இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்தும் வழக்கம் பெருகியது. புதிய இயந்திரம் பெரும்பாலும் தன் கியர் பெட்டியோடு வரும். டிரான்ஸ்பர் கேஸோ பழையது. இந்த இரண்டையும் இணைக்கும் வேலைதான் எங்களைப் போன்ற பட்டறைகளைத் தேடி வந்தது.

தகடு செய்வது எளிது என்று தோன்றலாம். கடினமானது மையம் காண்பதுதான். இரு தண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் சுழல வேண்டும். கியர் பெட்டியின் தண்டில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனை தகட்டின் துளைச் சுவரைத் தொடும்படி வைத்து, தண்டை மெல்லச் சுற்றிப் பார்ப்போம். அந்தக் கருவியின் ஒரு சிறு கோடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் ஒற்றை இழையின் தடிமன் அப்படிப்பட்ட இரண்டு கோடுகள் அளவுதான். முள் அதைவிட வெகுவாக அலைந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே உதவும். மையம் நகராமல் காப்பவை தகட்டில் கடைந்த விளிம்பும் டவல் பின்களும்.

தகட்டின் கனமும் சிந்திக்க வேண்டியது. அது கூடிய அளவுக்கு டிரான்ஸ்பர் கேஸ் பின்னால் தள்ளிப் போகும். பின்பக்கத்துப் புரொப்பல்லர் ஷாப்ட்டைக் குறைக்கவும், முன்பக்கத்து ஷாப்ட்டை நீட்டவும் நேரும். பழைய ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கு இடையே வெறும் 80 அங்குலமே இருப்பதால், ஒரு அங்குல மாற்றமும் பெரிய மாற்றமே.

அடாப்டரின் உயிர் கப்ளிங்கில் இருக்கிறது. இயந்திரத்தின் முறுக்கு விசை 15 கிலோகிராம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை நான்கு மடங்காக்கினால், கப்ளிங்கின் மீது 60 வந்து விழும். ஆள் நிறைந்த வண்டி மலை ஏறும்போது மணிக்கணக்கில் இந்தச் சுமையை அது தாங்க வேண்டும். ஈ.என். 24 போன்ற கலப்பு உருக்கில் பற்களை வெட்டி, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தியே அதைச் செய்ய வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்றை அதன் உரிமையாளர் என்னிடம் கொண்டுவந்தார். கியர் போட்டால் ஓசை மட்டும் வந்தது, வண்டி நகரவில்லை. பிரித்துப் பார்த்தேன். யாரோ இரண்டு தண்டுகளை வெட்டி, முனைக்கு முனை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பற்றுக்கு அருகில் விரிசல் சுற்றி ஓடி, தண்டு இரண்டாகியிருந்தது.

“பாய், சந்தை நாள் வருது. மறுபடியும் வெல்டிங் வச்சுக் குடுங்க. இந்த மாசம் ஓடுனா போதும்” என்றார் அவர்.

உடைந்த முகத்தை அவரிடம் காட்டினேன். முறிவின் பெரும்பகுதி கறுத்துப் பழையதாக இருந்தது. ஓரத்தில் சிறு பகுதி மட்டும் பளபளத்தது. “அண்ணே, கறுப்பா இருக்குறது என்னைக்கோ விரிஞ்சது. இத்தனை நாளும் இந்த வெள்ளை ஓரம்தான் உங்க ஆட்களைச் சுமந்திருக்கு. இறக்கத்துல இது அறுந்தா, இன்ஜின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது” என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் தினமும் பள்ளிக்கு அதே வண்டியில்தான் அழைத்துச் செல்வதாகச் சொன்னார். சந்தையை விட்டுவிட்டு, புதிய கப்ளிங் தயாராகும் வரை காத்திருந்தார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம் என்று அறிவோம். பட்டறையில் அந்த அமானிதம் வண்டியோடு முடிவதில்லை. அதில் ஏறப்போகும் முகம் அறியாதவர்களின் உயிரும் அதில் அடங்கும்.

பழைய ஜீப் வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டியின் அடியில் குனிந்து, இரு பெட்டிகளும் சேருமிடத்தில் எண்ணெய் கசிகிறதா, வெல்டிங் தழும்பு உண்டா என்று பாருங்கள். ஏற்றத்தில் ஓட்டும்போது டிரான்ஸ்பர் கேஸின் நெம்புகோல் தானாக விலகுகிறதா என்று கவனியுங்கள். இயந்திர எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை நம் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே இயந்திரத்தை மாற்ற நினைப்பவர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்; பட்டறைக்கு அதன் பிறகு வாருங்கள். இப்பொழுதெல்லாம் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த அனுமதிக் காகிதத்தைத்தான்.